ஒரு செல்லுக்குள் ஒரு கோடு: மில் ரிப்போர்ட்டில் ஸ்பார்க்லைன் வைத்து ஆறு வருஷம்

பல்லடம் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் ரிப்போர்ட் போடுவது என் வேலை. காலை எட்டு மணிக்கு ஷிப்ட் மாறும். ஒன்பதரைக்குள் முந்தின நாள் கணக்கு முழுவதும் ஒரே தாளில் முதலாளி கைக்குப் போயாக வேண்டும். ஃபிரேம் (நூல் நூற்கும் மிசின்) வாரியாக உற்பத்தி, ஒரு கிலோ நூலுக்கு எத்தனை யூனிட் கரண்ட் என்று சொல்லும் யூகேஜி, வேஸ்ட், பஞ்சு இருப்பு, நூல் இருப்பு என்று எல்லாமே எண்கள்தான். 2019 வரைக்கும் அந்தத் தாளில் வெள்ளையாக இருந்த இடம் ஓரத்து மார்ஜின் மட்டும்.

பெரிய முதலாளி அதை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஏதாவது ஓர் எண்ணில் விரலை வைப்பார். "ஏழாம் நம்பர் ஃபிரேம்ல 109 கிலோன்னு போட்டிருக்கீங்க. இது நல்லதுங்களா, கெட்டதுங்களா?" இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்காது. போன வாரத்துத் தாள்களை ஃபைலிலிருந்து உருவி, ஒவ்வொன்றாகப் புரட்டி, "போன புதன்கிழமை 111 இருந்துச்சுங்க" என்பேன். அதற்குள் அவர் வேறு எண்ணுக்குப் போயிருப்பார்.

முதலில் அம்புக்குறி வைத்துப் பார்த்தேன். நேற்றைவிடக் கூடினால் பச்சை, குறைந்தால் சிவப்பு. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஒரு மாதத்தில் யாரும் அதைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். இன்று சிவப்பாக இருப்பது நாளைக்குப் பச்சை, மறுநாள் மறுபடியும் சிவப்பு. அம்புக்கு நேற்று மட்டும்தான் தெரியும், முந்தாநாள் தெரியாது.

அதற்கு அப்புறம்தான் எக்செலில் ஸ்பார்க்லைன் இருப்பது கண்ணில் பட்டது. 2010 பதிப்பிலேயே வந்துவிட்ட வசதி, நான்தான் ஒன்பது வருஷம் கழித்துக் கண்டுபிடித்தேன். எக்செல் தாளின் ஒரு கட்டத்துக்குள், அதாவது ஒரு செல்லுக்குள், அடங்கிவிடுகிற குட்டிக் கோடு. அச்சும் கிடையாது, எண்ணும் கிடையாது, தலைப்பும் கிடையாது. எட்வர்ட் டஃப்டி என்ற அமெரிக்கப் பேராசிரியர் வைத்த பெயர் இது. வாக்கியத்தின் நடுவில் ஒரு சொல் உட்காருகிற மாதிரி, எழுத்தின் உயரத்திலேயே ஒரு வரைபடமும் உட்கார வேண்டும் என்பது அவர் எண்ணம். எக்செலில் கோடு, பத்தி (நிமிர்ந்து நிற்கும் பட்டைகள்), வெற்றி தோல்விக் கட்டம் என்று மூன்று வகை உண்டு. போடுவதற்கு ஒரு நிமிஷம் போதும். சரியாகப் போடுவதற்கு எனக்கு ஒரு வருஷம் பிடித்தது. இந்த ஆறு வருஷக் கதையில் பாதி அந்த ஒரு வருஷம்தான்.

முதல் நாளே மாட்டிக்கொண்டேன். 20 ஃபிரேமுக்கும் கடைசி 30 நாள் யுட்டிலைசேஷனை (ஓட வேண்டியதில் எவ்வளவு ஓடியது என்ற சதவீதம்) கோடாகப் போட்டுத் தாளை நீட்டினேன். எங்கள் மில்லில் அது 97 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். ஒரு நாள் 96.8, இன்னொரு நாள் 97.3. உற்பத்தியைப் பார்த்துக்கொள்கிற ஸ்பின்னிங் மாஸ்டர் அதைப் பார்த்தால் திரும்பிக்கூடப் படுக்க மாட்டார். ஆனால் எக்செல் என்ன செய்கிறது? நாம் எதுவும் சொல்லாவிட்டால் ஒவ்வொரு கோட்டுக்கும் அதனதன் குறைந்த எண்ணைத் தரையாகவும் கூடிய எண்ணைக் கூரையாகவும் வைத்துக்கொள்கிறது. அரை சதவீத அசைவு செல்லின் அடியிலிருந்து உச்சி வரை ஏறி இறங்கியது. முதலாளி தாளைப் பார்த்தார், மாஸ்டரைக் கூப்பிட்டார். "ஏனுங்க மாஸ்டர், மிசினு இங்கதான் ஓடுதுங்களா, இல்ல தினமும் வால்பாறைக்குப் போயிட்டு வருதுங்களா?"

வால்பாறை ரோட்டில் 40 கொண்டை ஊசி வளைவு. என் தாளில் அதைவிடக் கூடவே இருந்தது. மாஸ்டர் வெளியே வந்து என் மேஜை முன்னால் நின்றார். "தம்பி, அரை பர்சென்ட்டுக்கு என்னை மலை ஏத்திட்டியே." அன்றைக்கு முழுவதும் என்னோடு டீ குடிக்க வரவில்லை.

அச்சு இல்லாததுதான் இந்தக் குட்டிக் கோட்டின் அழகு. அச்சு இல்லாததால்தான் அது பொய்யும் சொல்கிறது. பெரிய வரைபடம் என்றால் பக்கத்திலேயே 96, 97 என்று எழுதியிருக்கும், பார்க்கிறவர் தானே புரிந்துகொள்வார். இங்கே அந்த வாய்ப்பு இல்லை. எது மேடு, எது பள்ளம் என்பதைக் கோடு போடுகிறவனே முன்கூட்டித் தீர்மானித்துவிடுகிறான். முதலாளி எதற்குப் பயப்பட வேண்டும் என்பதை நான் முடிவு செய்கிறேன். சம்பளம் வாங்குகிறவனுக்கு அது சின்னப் பொறுப்பு இல்லை.

அடுத்து எல்லாவற்றுக்கும் ஒரே அச்சு என்ற அமைப்பைத் தட்டினேன். அது எதிர்ப்பக்கத்துத் தவறு. கிலோவும் சதவீதமும் யூகேஜியும் ஒரே அளவுகோலில் நின்றால் கிலோ மட்டும் மேலே மிதக்கும், மற்றதெல்லாம் தரையோடு படுத்துவிடும். கடைசியில் பிடிபட்ட வழி இதுதான்: ஒரே சாதிச் சரக்கை மட்டும் ஒரே அச்சில் கட்டுவது. ஃபிரேம் எல்லாம் அப்போது ஒரே கவுண்ட் (நூல் எவ்வளவு மெல்லிசு என்று சொல்லும் எண்), ஒரே கதிர் எண்ணிக்கை, ஆகவே அவை ஒரு குழு. யூகேஜி தனி. வேஸ்ட் தனி.

தரையும் கூரையும் எங்கே வைப்பது? மாஸ்டரிடமே போய்க் கேட்டேன், டீயோடு. "உற்பத்தி எவ்வளவு இறங்கினா நீங்க சேரை விட்டு எழுவீங்க?" யோசித்துவிட்டு, "ஒரு ஃபிரேமுக்கு ஷிப்டுக்கு மூணு கிலோ" என்றார். அந்த மூன்று கிலோ செல் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு தெரிகிற மாதிரி 105-லிருந்து 114 வரை என்று வைத்தேன். அரைக் கிலோ அசைந்தால் லேசான நெளிவு, மூன்று கிலோ இறங்கினால் கண்ணில் குத்தும். இன்றைக்கும் புதிதாக எந்தக் கோடு போட்டாலும் அந்த வேலையைச் செய்கிறவரிடம் இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்கிறேன். யூகேஜிக்கு எலக்ட்ரிகல் சூப்பர்வைசர், வேஸ்டுக்குப் பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்கிற ப்ளோரூம் ஆள். ஒருவருக்கும் சட்டென்று பதில் வராது. அந்த யோசனையிலேயே பாதி ரிப்போர்ட் சரியாகிவிடுகிறது.

இதில் ஒரு சின்னப் பள்ளம் உண்டு, சொல்லிவிடுகிறேன். எக்செலில் அச்சு அமைப்பு குழுவுக்குத்தான் பொருந்தும். மொத்தமாகத் தேர்ந்து ஒரே தடவையில் போட்டவை ஒரு குழு. 2021-ல் நாலு ஃபிரேம் புதிதாக வந்தபோது அவற்றுக்கு மட்டும் தனியாகக் கோடு போட்டேன். அவை வேறு குழுவாகிவிட்டன, தானியங்கி அச்சோடு. விளைவு, புத்தம் புது மிசின்கள் நாலும் தள்ளாடுவது போலவும் பழைய 20-ம் கல்லு மாதிரி நிற்பது போலவும் ஒரு வாரம் தெரிந்தது. மிசின் விற்ற கம்பெனிக்கு ஃபோன் போடப் போன சமயத்தில்தான் நான் கவனித்தேன். எல்லாவற்றையும் தேர்ந்து குரூப் பட்டனை ஒரு தடவை அழுத்தினால் தீர்ந்தது.

இன்னொன்று: டெலீட் பட்டனைத் தட்டினால் ஸ்பார்க்லைன் போகாது. அது செல்லின் உள்ளே இருக்கும் எண் இல்லை, பின்னால் ஒட்டியிருக்கும் படம். மேலே வரும் பட்டையில் கிளியர் கொடுத்தால்தான் போகும். எங்கள் அக்கவுண்ட்ஸ் அக்கா இதற்காக ஒரு முறை அரைமணி நேரம் போராடினார். அவருடைய பழைய கம்ப்யூட்டரில் 2007 எக்செல் இருந்த காலத்தில் பிரச்சினையே வேறு. அதில் இந்தக் கோடுகள் தெரியவே தெரியாது. "நீங்க அனுப்பினதுல ஒரு நெடுவரிசை பூரா காலியா இருக்குதுங்க, மறந்துட்டீங்களா?" என்று கேட்டார்.

கரண்ட் கட் நாள் கதைக்கு வருகிறேன். துணை மின்நிலையப் பராமரிப்புக்காக முழு நாள் மின்தடை வருவது இங்கே வழக்கம். அன்று மில் ஓடாது. டேட்டா எண்ட்ரி தம்பி உற்பத்திக் கட்டத்தில் பூஜ்யம் அடித்துவிடுவான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது, உற்பத்தி பூஜ்யம்தானே. ஆனால் கோடு அந்த இடத்தில் கிணற்றில் விழுந்து ஏறும். தீபாவளி, பொங்கல் மாதங்களில் கேட்கவே வேண்டாம். ஓடாத நாளுக்குக் கட்டத்தைக் காலியாக விடச் சொன்னேன். காலிச் செல்லை இடைவெளியாகக் காட்டு என்ற அமைப்பு எக்செலில் இருக்கிறது. கோடு அந்த இடத்தில் அறுந்து, அந்தப் பக்கம் மறுபடி தொடங்கும். நூல் அறுந்து கிடப்பதைப் பார்த்தே வளர்ந்த ஊரில் அறுந்த கோட்டுக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இப்போது 17-ஆம் நம்பர் ஃபிரேம். இந்த ஆறு வருஷத்தில் ஸ்பார்க்லைன் சம்பாதித்துக் கொடுத்தது எது என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

எங்கள் ரிப்போர்ட்டில் ஓர் எச்சரிக்கை விதி உண்டு. முந்தின நாளைவிட இரண்டு சதவீதத்துக்கு மேல் குறைந்தால் அந்தச் செல் சிவப்பாகும். 2022 மாசியில் ஒரு நாள் தாளில் ஒரு சிவப்பும் இல்லை. எண்களைப் பார்த்தாலும் 17-இல் 108.4, பக்கத்து ஃபிரேமில் 109.6. யாருக்கும் ஒன்றும் தோன்றாது. ஆனால் 24 கோடுகள் வரிசையாக, ஒரே அச்சில், ஒன்றின் கீழ் ஒன்றாக இருந்தன. 23 கோடுகள் கிடைமட்டமாக நெளிந்தன. ஒன்று மட்டும் வலது பக்கம் சரிந்திருந்தது. குதித்து விழவில்லை, வாய்க்கால் தண்ணீர் மாதிரி மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. ஒன்பது நாளாக தினமும் 400 கிராம், 400 கிராம் என்று குறைந்திருக்கிறது. ஒரு நாள் குறைவு அரை சதவீதம்கூட இல்லை, அதனால் விதியில் சிக்கவே இல்லை.

மாஸ்டரிடம் காட்டினேன். அதற்குள் சமாதானமாகிவிட்டிருந்தார். தாளை வாங்கி, கோட்டின் மேல் நகத்தால் ஒரு தடவை இழுத்துப் பார்த்து, "டிராவலர்" என்று ஒரே வார்த்தை சொன்னார். ரிங் மேல் சுற்றி ஓடுகிற அந்தக் குட்டிக் கம்பி தேய்ந்தால் நூல் அறுவது கூடும். அறுந்ததை ஒட்டுகிற வரைக்கும் அந்தக் கதிரில் நூல் சேராது. குறிப்பிட்ட நாளுக்கு ஒரு தரம் மொத்தமாக மாற்ற வேண்டும். ரிஜிஸ்டரை எடுத்துப் பார்த்தால் 17-க்கு மாற்றியதாக டிக் இருந்தது. தேதியைப் பார்த்தால் அது மின்தடை நாள். அன்றைக்குச் செய்யலாம் என்று டிக் போட்டு வைத்தவர் லீவ் எடுத்துவிட்டார், வந்தவர் டிக்கைப் பார்த்து விட்டுவிட்டார். மறுநாள் டாஃபிங் நேரத்தில், அதாவது நூல் நிறைந்த பாபின்களை இறக்குகிற நேரத்தில், மாற்றினார்கள். அடுத்த வாரத் தாளில் கோடு சரிந்து, ஒரு படி ஏறி, சமமாக ஓடியது. அந்தத் தாளை மாஸ்டர் கேட்டு வாங்கி ஷிப்ட் ரூம் சுவரில் ஒட்டினார். இன்னும் அங்கேயே இருக்கிறது, மேலே நாலைந்து காலண்டர் மாறிவிட்டது.

ஆக, கோடு அங்கே பதில் எதுவும் சொல்லவில்லை. டிராவலர் என்று சொன்னது முப்பது வருஷ அனுபவம். 24 ஃபிரேமில் எதைப் பார்க்கப் போக வேண்டும் என்பதை மட்டும் கோடு காட்டியது. அந்த அளவுக்கு மேல் அதை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் கதை இருக்கிறது.

அது வெற்றி தோல்விக் கட்டம். ஒவ்வொரு ஷிப்டும் டார்கெட்டைத் தொட்டால் மேலே ஒரு கட்டம், தொடாவிட்டால் கீழே ஒரு சிவப்புக் கட்டம். மாதம் 30 கட்டம், ஏ பி சி மூன்று ஷிப்டுக்கும் மூன்று வரிசை. எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. சூப்பர்வைசர்களுக்கும் முதல் இரண்டு வாரம் பிடித்திருந்தது. அப்புறம் ஷிப்ட் மாறுகிற நேரத்தில் சண்டை தொடங்கியது. எங்களிடம் அப்போது கிலோ கணக்கு டாஃப் இறக்கிய ஷிப்டில்தான் விழும். ஏழே முக்காலுக்கு இறக்க வேண்டியதை ஒருவர் எட்டேகாலுக்குத் தள்ளுவதும், எட்டேகாலுக்கு நிறைய வேண்டியதை இன்னொருவர் அவசரமாக அரைகுறையில் இறக்குவதும். "நான் ஓட்டின நூலு அவன் கணக்குல ஏறுதுங்க" என்று சி ஷிப்ட் சூப்பர்வைசர் என்னிடம் வந்து நின்றபோது அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. டார்கெட்டுக்கு 50 கிராம் குறைந்தாலும் சிவப்பு, 5 கிலோ குறைந்தாலும் அதே அளவுச் சிவப்பு. எவ்வளவு என்பதைத் தூக்கி எறிந்துவிட்டு ஆமா, இல்லை என்று மட்டும் சொல்கிற வரைபடம் அது. ஆள் சம்பந்தப்பட்ட எதற்கும் அதை நான் இப்போது தொடுவதில்லை. மூன்று மாதத்தில் எடுத்துவிட்டேன்.

பஞ்சு விலைக் கோடு வேறு மாதிரி ஏமாற்றியது. பஞ்சை கேண்டிக் கணக்கில் வாங்குகிறோம், ஒரு கேண்டி 356 கிலோ. 2022 மே மாதத்தில் அது லட்சம் ரூபாயைத் தாண்டியது திருப்பூர், கோவைப் பக்கம் யாருக்கும் மறக்காது. நூல் விலை ஏறி, பனியன் கம்பெனிகள் வேலைநிறுத்தம் செய்த மாதம் அது. அடுத்த வருஷம் விலை 60,000 ரூபாய்க்கு முன்பின் வந்துவிட்டது. நான் 36 மாதக் கோட்டை அப்படியே ஓடவிட்டிருந்தேன். நடுவில் அந்த லட்ச ரூபாய்க் கோபுரம் நிற்க, அதற்குப் பிந்தின மாதங்கள் எல்லாம் சமதரையாகத் தெரிந்தன. "பஞ்சு அசையவே இல்லீங்களே, அவசரப்பட வேண்டாம்" என்றார் முதலாளி. அதே மாதத்தில் கேண்டிக்கு மூவாயிரம் ரூபாய் ஏறியிருந்தது. கோபுரத்தின் நிழலில் மூவாயிரம் எங்கே தெரியும்? நல்ல வேளை, பஞ்சு வாங்குகிறவர் தாளைப் பார்த்து வாங்குகிறவர் இல்லை, ஃபோனிலேயே வாழ்கிறவர். இப்போது விலைக்கு 90 நாள் கோடு ஒன்று, மூன்று வருஷக் கோடு ஒன்று என்று பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வைத்திருக்கிறேன்.

காற்றாலைக் கதை இதன் தலைகீழ். உடுமலைப் பக்கம் மில்லுக்குச் சொந்தமாக இரண்டு காற்றாடி இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வந்து அடிக்கிற மாதங்களில் அவை சுற்றுகிற சுற்றுக்கு அளவில்லை. ஆடிக் காற்றில் அம்மி பறக்குதோ இல்லையோ, எங்கள் கரண்ட் பில்லில் ஒரு பகுதி பறந்துவிடும். ஐப்பசி வந்தால் அடங்கிவிடும். லோன் விஷயமாக வந்த ஓர் அதிகாரி, நவம்பர் மாத டாஷ்போர்டில் ஆறு மாதக் கோட்டைப் பார்த்தார். உச்சியிலிருந்து தரைக்கு ஒரே சரிவு. "மிசின்ல ஏதாச்சும் ரிப்பேருங்களா?" என்று கவலையோடு கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை, பருவம் தெரியாத கோட்டைக் காட்டியது நான்தான். பருவத்தோடு ஓடுகிற எதற்கும் ஒரு சுற்று போதாது, குறைந்தது இரண்டு சுற்று வேண்டும். 24 மாதம் காட்டினால் இரண்டு மேடு தெரியும், போன வருஷமும் இதே இடத்தில்தான் இறங்கியது என்று பார்க்கிறவருக்கே புரியும்.

மில்லுக்கு வெளியே ஒரே ஓர் இடத்தில் இதைப் போட்டுக்கொடுத்திருக்கிறேன். நாமக்கல் பக்கம் என் மச்சான் முட்டைக் கோழிப் பண்ணை வைத்திருக்கிறார். நாலு ஷெட், நாலும் வெவ்வேறு வயசுப் பேட்ச். அவருக்கு லேப்டாப் ஆகாது, எல்லாம் ஃபோன். அதனால் கூகுள் ஷீட். அங்கே ஸ்பார்க்லைன் என்பது ஒரு ஃபார்முலா. தரை எண்ணையும் கூரை எண்ணையும் ஃபார்முலாவுக்குள்ளேயே எழுதிவிடலாம், அது எனக்கு எக்செலைவிடப் பிடிக்கும். எந்தச் செல் எந்தக் குழுவில் இருக்கிறது என்ற தொல்லை இல்லை. ஆனால் கோட்டு வகையில் கடைசிப் புள்ளியையோ உச்சிப் புள்ளியையோ நிறம் போட்டுக் காட்ட முடியாது. எக்செலில் முடியும்.

முதலில் முட்டை சதவீதத்தை, அதாவது நூறு கோழிக்கு ஒரு நாளில் எத்தனை முட்டை என்பதை, அப்படியே போட்டேன். மச்சான் பார்த்துவிட்டு, "மாப்ளே, மூணாவது ஷெட்டு இறங்கிட்டே வருதே, என்னங்க இது?" என்றார். இறங்கத்தான் செய்யும். 20 வாரத்துக்குப் பக்கத்தில் கோழி முட்டைக்கு வரும், 30 வாரத்துக்குள் 90 சதவீதத்தைத் தாண்டி உச்சிக்குப் போகும், அப்புறம் வயசு ஏற ஏறக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். மூன்றாவது ஷெட் வயசான பேட்ச். இதை அவர்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார், கோட்டைப் பார்த்ததும் அவருக்கே மறந்துவிட்டது! கோழியின் வயசுக்கு ஏற்ற ஸ்டாண்டர்டு கோட்டைப் பக்கத்தில் போடலாம் என்றால் ஸ்பார்க்லைனில் இரண்டு கோடு வராது. ஒரு செல்லுக்கு ஒரு வரிசைதான். கடைசியில் கோழிக் கம்பெனி கொடுக்கிற அட்டவணையிலிருந்து அந்த வாரத்துக்கு வர வேண்டிய சதவீதத்தைக் கழித்து, மிச்சத்தை மட்டும் பத்தி வகையில் போட்டேன். பூஜ்யத்துக்கு மேலே நின்றால் வயசுக்குக் கூடவே இடுகிறது, கீழே தொங்கினால் ஏதோ குறை. நாலு ஷெட்டும் வெவ்வேறு வயசாக இருந்தாலும் இப்போது ஒரே கண்ணால் பார்க்கலாம். மில்லிலும் இந்த வித்தையைத் திருப்பிக் கொண்டுவந்தேன்: கவுண்ட் மாறுகிற ஃபிரேமுக்குக் கிலோவைப் போடாமல், அந்தக் கவுண்டுக்கு வர வேண்டிய கிலோவிலிருந்து வித்தியாசத்தைப் போடுகிறேன்.

அகலம், உயரம் பற்றி ஒரு வார்த்தை. செல் அகலமானால் அதே கோடு சாந்தமாகிவிடும், குறுகினால் குத்திட்டு நிற்கும். இதை நான் சொல்லாமலே எங்கள் மில்லில் ஒரு பெரிய மனிதர் கண்டுபிடித்துவிட்டார். மாதாந்திரக் கூட்டத்துக்கு முன்னால் வேஸ்ட் நெடுவரிசையை மவுஸால் இழுத்து இரண்டு மடங்கு அகலமாக்கி வைத்திருந்தார். கரடு மேடாகி, மேடு வயலாகிவிட்டது. அன்றிலிருந்து ஷீட்டைப் பூட்டித்தான் அனுப்புகிறேன். என் தாளில் 30 புள்ளிக்கு நான்கு சென்டிமீட்டர் அகலம், ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூட உயரம். அதைவிட உயரம் குறைந்தால் பிடிஎஃப் ஆக்கி வாட்ஸாப்பில் அனுப்பும்போது கோடு புழு மாதிரி ஆகிவிடுகிறது. ஒரு வருஷத்தின் 365 நாளையும் அதே இடத்தில் திணித்தும் பார்த்திருக்கிறேன். முடிக்கற்றைதான் தெரிந்தது.

பிரிண்டர் கருப்பு வெள்ளை என்பதையும் நான் தாமதமாகத்தான் யோசித்தேன். கடைசிப் புள்ளிக்கு நீலம், குறைந்த புள்ளிக்குச் சிவப்பு என்று அழகாகப் போட்டிருந்தேன். பெரிய முதலாளி கைக்குப் போவது தாள், தாளில் இரண்டும் ஒரே சாம்பல் நிறம். இப்போது கடைசிப் புள்ளிக்கு மட்டும் ஒரு பொட்டு. அதற்கு ஒட்டினாற்போல் வலது பக்கத்துச் செல்லில் நேற்றைய எண், தடித்த எழுத்தில். கோடு போய் முடிகிற இடத்தில் எண் தொடங்கும். எண் இல்லாமல் கோடு மட்டும் ஒரு நாளும் வைக்காதீர்கள். "அதெல்லாம் சரி, நேத்து எவ்வளவுங்க?" என்ற கேள்விக்கு நீங்கள்தான் ஓட வேண்டும்.

சின்ன முதலாளி படித்துவிட்டு வந்த பிறகு 2023-ல் எல்லாவற்றையும் பவர் பிஐ என்ற மைக்ரோசாஃப்ட் டாஷ்போர்டு மென்பொருளுக்கு மாற்றச் சொன்னார். அதிலும் டேபிளுக்குள் ஸ்பார்க்லைன் உண்டு, 2021 கடைசியில் முன்னோட்டமாக வந்தது. ஒரு கோட்டுக்கு 52 புள்ளி, ஒரு டேபிளுக்கு ஐந்து ஸ்பார்க்லைன் என்று வரம்பு இருந்தது. வாரக் கணக்குக்கு 52 கச்சிதம், தினக் கணக்கில் இரண்டு மாதத்தைக்கூட அடக்க முடியாது. தரையும் கூரையும் என் கையில் வேண்டும் என்பதற்காக, கோட்டையே எஸ்விஜி படமாக (எழுத்தாலேயே வரைகிற பட வகை) ஃபார்முலாவில் எழுதிக் காட்டும் சுற்று வழிக்குப் போனேன். வேலை செய்கிறது, ஆனால் எனக்குப் பிறகு வருகிறவர் அந்த ஃபார்முலாவைத் திறந்து பார்த்தால் என்னைத் திட்டுவார். சின்ன மில், சின்னக் கடை என்றால் எக்செலோ கூகுள் ஷீட்டோ தாராளமாகப் போதும். காசு கொடுக்க மனமில்லாதவர்களுக்கு லிப்ரே ஆபீஸிலும் 2022-ல் வந்த 7.4 பதிப்பிலிருந்து இருக்கிறது.

சின்னவர் ஸ்க்ரீனில் பார்க்கிறார், பெரியவர் இன்னும் தாள்தான். இருவருக்கும் ஒரே கோடு, ஒரே தரை, ஒரே கூரை. அதை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. போன மாதம் பெரியவர் தாளில் ஒரு ஃபிரேமின் கோட்டைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டு, ஓரத்தில் கேள்விக்குறி மட்டும் வைத்து மாஸ்டருக்கு அனுப்பினார். அவரைக் கூப்பிடவில்லை. மாஸ்டரும் பதிலுக்கு "கவுண்ட் மாத்தினோமுங்க" என்று கீழே எழுதித் திருப்பி அனுப்பினார். பத்து மணிக் கூப்பாடு முன்பு எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு அந்தக் கேள்விக்குறியின் அருமை தெரியும்.

அடுத்து ஈரப்பதத்தைச் சேர்க்கச் சொல்லி மாஸ்டர் கேட்டுக்கொண்டிருக்கிறார். மாசி பங்குனி வறட்சியில் டிபார்ட்மெண்ட் காய்ந்தால் நூல் அறுவது கூடும், இரண்டு கோடும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் தேவலை என்கிறார். எண்கள் இருக்கின்றன, ஹியூமிடிஃபிகேஷன் ஆபரேட்டர் இரண்டு மணிக்கு ஒரு தரம் நோட்டில் எழுதுகிறார். நைட் ஷிப்டில் எழுதியதெல்லாம் ஒரே பேனாவில், ஒரே வேகத்தில், ஒரே எண்ணாக இருக்கிறது. அதைக் கோடாகப் போட்டால் ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி வரும். முதலில் அவரோடு ஒரு டீ குடிக்க வேண்டும்.